நஞ்சன்கூட்டிலிருந்து கோவைக்கு: ஒரு பழைய யெஸ்டியின் கானகப் பயணம்

நஞ்சன்கூட்டில் எங்கள் தந்தையார் முப்பதாண்டுகளுக்கு மேல் குடியிருந்த வீட்டைக் காலி செய்ய நேர்ந்தபோது, பாத்திரங்களையும் புத்தகங்களையும் ஒரே நாளில் பங்கிட்டுக்கொண்டோம். கொல்லைக் கொட்டகையில் தார்ப்பாய் மூடி நின்ற யெஸ்டி ரோட்கிங் மோட்டார் சைக்கிளை மட்டும் பங்கிட இயலவில்லை. எங்களில் மூத்தவர் அக்கா; இளையவர் தம்பி. இருவரும் வாழ்வது கோவையில். இருவருக்கும் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அதே யெஸ்டிதான்.

பழைய வண்டிகளைச் சேகரிக்கும் பெங்களூர் அன்பர் ஒருவர் நல்ல விலை சொல்லியிருந்தார். விற்றுவிடலாம் என்பது தம்பியின் கட்சி. கூடாது என்பது அக்காவின் கட்சி. "ஓடாத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அக்கா?" என்றார் தம்பி. "ஓடுகிறதா இல்லையா என்று ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்" என்றார் அக்கா. முடிவில் ஓர் உடன்பாடு பிறந்தது. வண்டி தன் காலிலேயே பந்திப்பூர், முதுமலை, நீலகிரி வழியாகக் கோவை வந்து சேர்ந்தால் அக்கா வைத்துக்கொள்வார். வழியில் எங்காவது லாரியில் ஏற்ற நேர்ந்தால், லாரி பெங்களூரை நோக்கித் திரும்பும். பொங்கல் முடிந்த மறுவாரம் நாள் குறித்தோம்.

மைசூரின் பிள்ளை

மைசூர்ப் பகுதியில் யெஸ்டியை வெறும் இயந்திரமாக யாரும் பார்ப்பதில்லை. மைசூரின் யாதவகிரியில் 1960களின் தொடக்கத்தில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை எழுந்தது. செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா மோட்டார் சைக்கிள்கள் அங்கே உருவாயின. 1970களில் அவையே யெஸ்டி என்ற பெயரைப் பெற்றன. 1996இல் ஆலை மூடப்பட்டது. பின்னர் 2018இல் ஜாவாவும் 2022இல் யெஸ்டியும் புதிய நிறுவனத்தின் புதிய இயந்திரங்களுடன் சந்தைக்குத் திரும்பின. ஆயினும் பழைய வண்டிக்கு உதிரிப் பாகம் தேடும் மைசூர்வாசிகளுக்கு அந்த 1996 இன்னமும் நேற்றுப் போலவே இருக்கிறது.

பழைய யெஸ்டியின் இயல்புகள் இன்றைய இளைஞர்களுக்கு வியப்பளிக்கும். உதைத்துக் கிளப்பும் கிக்கரும் கியர் மாற்றும் நெம்புகோலும் அதில் ஒன்றே. ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர்கள். அது இரு வீச்சு எஞ்சின் ஆதலால் பெட்ரோலுடன் எண்ணெயைக் கலந்தே ஊற்ற வேண்டும். லிட்டருக்கு முப்பது, நாற்பது மில்லி போதும். "கொஞ்சம் கூடினால் குற்றமில்லை" என்பது தந்தையாரின் கொள்கை. அந்தக் கொள்கை எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

புறப்படுவதற்கு முன் தாள்களைச் சீர்செய்ய வேண்டியிருந்தது. இதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறோம். பலர் வீட்டுக் கொட்டகையிலும் இத்தகைய வண்டி ஒன்று நிற்கக்கூடும். உரிமையாளர் மறைந்தால் முப்பது நாட்களுக்குள் பதிவு அலுவலகத்திற்குத் தகவல் தர வேண்டும். மூன்று மாதங்களுக்குள் படிவம் 31 வழியாக வாரிசின் பெயருக்கு மாற்றக் கோர வேண்டும். இறப்புச் சான்று, பதிவுச் சான்று, காப்பீடு, பிற வாரிசுகளின் இசைவு ஆகியவை கைவசம் இருக்க வேண்டும். விற்பதாயினும் இந்தப் படியைத் தாண்டியே விற்க முடியும். காப்பீட்டையும் புதிய பெயருக்கு மாற்றாமல் சாலையில் இறங்குவது, விபத்து நேரும் நாளில்தான் பிழையென்று புரியும். வேறு மாநிலத்தில் நிலையாக வைத்துக்கொள்வதற்குப் படிவம் 28 வழியே தடையின்மைச் சான்று பெற வேண்டும். எங்கள் தந்தையாரோ ஆர்.சி. புத்தகத்தையும் காப்பீட்டுத் தாள்களையும் வங்கிக் கணக்குப் புத்தகத்துடன் ஒரே உறையில் வைத்து, உறையின் மேல் வண்டி எண்ணையும் எழுதிவைத்திருந்தார். அதனால் எங்கள் அலைச்சல் பாதியாகக் குறைந்தது. பதிவு அக்காவின் பெயருக்கு மாறியது. தடையின்மைச் சான்றும் கைக்கு வந்தது.

கபினிக் கரையில்

புறப்பட்ட நாளின் காலையில் கபினி ஆற்றங்கரைக்குச் சென்றோம். நஞ்சுண்டவர் என்ற பெயரின் பொருள் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. ஸ்ரீகண்டேசுவரர் கோயில் அந்தப் பெயராலேயே ஊருக்கும் பெயர் தந்தது. கண்நோயுற்ற தன் பட்டத்து யானை இங்கே நலம்பெற்றதால் திப்பு சுல்தான் பச்சைக்கல் லிங்கம் ஒன்றை வழங்கி, இறைவனை ‘ஹக்கீம் நஞ்சுண்டா’, அதாவது மருத்துவர் நஞ்சுண்டர், என்று அழைத்தார் என்பது கோயில் வழக்கு. யானைக் காட்டுக்குள் செல்லவிருந்த எங்களுக்கு யானைக்கு மருத்துவம் பார்த்த இறைவனிடம் விடைபெறுவது பொருத்தமாகவே பட்டது.

ஆற்றின் குறுக்கே 1735இல் தளவாய் தேவராஜர் கட்டிய கல்பாலம் நிற்கிறது. அந்நாளில் மாட்டுவண்டிக்காகக் கட்டிய பாலத்தில் பிற்காலத்தில் ரயிலும் பேருந்தும் சென்றன. இப்போது அதற்கு ஓய்வு. அதன் அருகிலுள்ள மண் தரையில்தான் தந்தையார் எங்களுக்கு யெஸ்டி கற்றுக்கொடுத்தார். அக்காவுக்குப் பதினேழு வயது. தம்பிக்குப் பதினான்கு, அதாவது சட்டப்படி ஓட்டக்கூடாத வயது. அக்கா ஒரு மணி நேரத்தில் கற்றார். தம்பி ஆற்றில் இறங்கினார்.

ஊரைவிட்டுக் கிளம்புமுன் ஒரு சீப்பு நஞ்சன்கூட்டு ரசபாளே வாங்கினோம். புவிசார் குறியீடு பெற்ற அந்த வாழை, வாடல் நோயால் அருகிப்போய், இப்போது தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அதன் மணம் பையை மீறி வந்தது.

முதல் நாள் முப்பத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல், குண்டலுப்பேட்டையில் தங்கல். பிற்பகலில் அங்காளா வழியாக ஹிமவத் கோபாலசுவாமி பெட்டாவின் அடிவாரம்வரை சென்றோம். 1,454 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் உச்சியில் வேணுகோபாலர் கோயில் இருக்கிறது. மலை பந்திப்பூர்க் காட்டுக்குள் இருப்பதால் சொந்த வாகனங்களுக்கு மேலே அனுமதியில்லை. அடிவாரத்தில் நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் ஏற வேண்டும். முதலில் எங்களுக்கு அது ஏமாற்றமாக இருந்தது. பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து புல்வெளிச் சரிவுகளைப் பார்த்துக்கொண்டே சென்றபோது ஏமாற்றம் கரைந்தது. ஓட்டுபவர் சாலையைத்தான் பார்க்கிறார்; மலையைப் பார்ப்பவர் பயணிதான்.

காட்டுச் சாலை

குண்டலுப்பேட்டையிலிருந்து உதகை செல்லும் நெடுஞ்சாலை சிறிது தொலைவிலேயே காட்டுக்குள் நுழைகிறது. இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணிவரை பந்திப்பூர்ச் சாலையில் போக்குவரத்துக்குத் தடை. வாகனங்களில் அடிபட்டு மாண்ட விலங்குகளின் எண்ணிக்கையைக் கண்டு 2009இல் இத்தடை வந்தது. வணிகர்களும் அண்டை மாநிலத்தாரும் எதிர்த்தனர்; வழக்குகள் நடந்தன. தடை இன்றும் நிற்கிறது. ஒன்பது மணிநேரம் வாயில் மூடிக் கிடக்கும் நெடுஞ்சாலையை, முதன்முறை கேட்பவர் நம்புவது கடினம்.

1931இல் மைசூர் மன்னர் சிறு வேட்டைக் காட்டின் ஒரு பகுதியை வேணுகோபால வனவிலங்குப் பூங்கா எனப் பாதுகாத்தார். அது வளர்ந்து, 1973இல் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் முதல் ஒன்பது காப்பகங்களில் ஒன்றாயிற்று. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு பந்திப்பூரில் 150 புலிகளையும் முதுமலையில் 114 புலிகளையும் மதிப்பிட்டது. வடக்கே கபினி பந்திப்பூரை நாகரஹொளேயிலிருந்து பிரிக்கிறது. தெற்கே மாயாறு முதுமலையிலிருந்து பிரிக்கிறது. மனிதர் வரைந்த எல்லைகள் இவை. யானைகளுக்கு நான்கு காப்பகங்களும், வயநாடு உட்பட, ஒரே வீடுதான்.

சோதனைச் சாவடியில் காவலர் எங்கள் பையை மோந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை; ரசபாளே தன்னைத்தானே அறிவித்துக்கொண்டது. "பழத்தை நன்றாகக் கட்டி உள்ளே வையுங்கள். எங்கும் நிற்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், எதற்கும் உணவு போடாதீர்கள்" என்றார். சத்தியமங்கலம் பக்கம் ஆசனூர்ச் சாலையில் யானைகள் கரும்பு லாரிகளுக்காகக் காத்திருக்கப் பழகிவிட்டதை அறிந்தவர்கள் இந்த எச்சரிக்கையை அலட்சியம் செய்ய மாட்டார்கள். 2025 ஆகஸ்டில் பந்திப்பூர்ச் சாலையில் யானையைப் படமெடுக்க இறங்கிய ஒருவர் மயிரிழையில் உயிர் தப்பினார். வனத்துறை அவருக்கு 25,000 ரூபாய் அபராதம் விதித்தது.

காட்டுக்குள் அக்கா ஓட்டினார். மெதுவாக ஓட்டுவதில் அவருக்குத் தம்பியைவிடத் தேர்ச்சி அதிகம். வேகத்தடைகள் அடுத்தடுத்து வந்தன. இருபுறமும் உண்ணிச்செடிப் புதர்கள். தழையுண்ணும் விலங்குகளுக்கு உதவாத இந்த அயல்நாட்டுச் செடி, காட்டின் தரையைப் பிடித்துக்கொண்டு புல்லை வளரவிடுவதில்லை. பழங்குடிக் கைவினைஞர்கள் இதன் தண்டுகளால் முழு உருவ யானைச் சிற்பங்கள் செய்து இலண்டன் பூங்காக்கள்வரை அனுப்பியிருக்கிறார்கள். பந்திப்பூர் வரவேற்பு மையத்தைத் தாண்டியதும் புள்ளிமான் கூட்டம், இரண்டு மயில்கள், ஒரு காட்டெருமை. நிற்கவில்லை. எஞ்சின் ஓசை மட்டும் நெருடலாக இருந்தது. தும்மியது, மீண்டது, மீண்டும் தும்மியது.

ஒரு வேகத்தடையைத் தாண்டிய கணத்தில் வண்டி நின்றுவிட்டது.

காரணம் தம்பிக்கு உடனே விளங்கியது. காலையில் தந்தையாரின் கொள்கைப்படி எண்ணெயைக் ‘கொஞ்சம் கூட்டி’ ஊற்றியவர் அவர்தாம். அளவுக்கு மிஞ்சிய எண்ணெய், குறைந்த வேகம், சூடேறாத எஞ்சின் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஸ்பார்க் பிளக்கின் நுனியில் கரி படிந்து பொறி பறக்காது. மாற்றுப் பிளக்கும் சாவியும் கருவிப்பெட்டியில் இருந்தன. ஐந்து நிமிட வேலை. ஆனால் நிற்கவே கூடாத இடத்தில் ஐந்து நிமிடம் என்பது வேறு கணக்கு.

பிளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வனத்துறை ரோந்து ஜீப் ஒன்று வந்தது. முதலில் கன்னடத்தில் நல்ல வசவு கிடைத்தது; அதற்கு நாங்கள் உரியவர்களே. பின்பு காவலர் ஜீப்பை எங்களுக்கும் காட்டுக்கும் நடுவில் நிறுத்தி, "பத்து நிமிடம். முடியாவிட்டால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவோம்" என்றார். கயிறு கட்டினால் உடன்பாடு முறியும். தம்பி அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

நான்காவது நிமிடத்தில் புதிய பிளக் ஏறிவிட்டது. தம்பி கிக்கரில் கால் வைத்தார். காவலர் கையை உயர்த்தினார். சாலையின் மறுபுறம், நூறு அடிக்கு அப்பால், உண்ணிச்செடி அசைந்தது. காற்றில்லை. ஜீப்பின் எஞ்சினை அணைத்துவிட்டு, எங்களை மறைவுக்கு வரச் சொன்னார். முதலில் ஒரு பெண் யானை வந்தது. சாலையின் விளிம்பில் நின்று துதிக்கையை உயர்த்தி மோப்பம் பிடித்தது. அந்த நேரத்தில் இருவர் மனத்திலும் இருந்தது ரசபாளே. பின்னால் இரண்டு, அவற்றின் கால்களுக்கிடையே ஒரு குட்டி. குட்டி தார்ச்சாலையின் வெம்மையைக் காலால் சோதித்துத் தயங்கியது; பெரியது ஒன்று துதிக்கையால் தட்டி நகர்த்தியது. கடைசியில் நான்கும் கடந்தன. எங்களை ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பிறகும் காவலர் கடிகாரத்தைப் பார்த்தபடி முழுக் கால்மணி நேரம் எங்களை அசையவிடவில்லை. "அவை போய்விட்டதாக நீங்கள் நினைப்பீர்கள். இரண்டு சைலன்சர் சத்தம் கேட்டதும் குட்டியுள்ள தாய் திரும்பி வரும்" என்றார்.

பத்து நிமிடம் எப்போதோ கடந்திருந்தது. அவர் கயிற்றைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாவது உதையில் எஞ்சின் கிளம்பியது. நீலப் புகை மரங்களுக்கிடையே பரவி நின்றது. அவர் புகையைச் சுட்டிக்காட்டி, "இதையும் குறையுங்கள்" என்று மட்டும் சொன்னார். எங்களிடம் மறுமொழி இல்லை. பழைய வண்டியின் மேல் நமக்குள்ள பாசம் காட்டுக்குக் கிடையாது. இரு வீச்சு எஞ்சினின் புகையும் ஓசையும் அங்கே விருந்தாளிகள் அல்ல. வழியில் கிடைத்த முதல் பெட்ரோல் நிலையத்தில் எண்ணெய் சேர்க்காமல் இரண்டு லிட்டர் ஊற்றிக் கலவையைச் சரிசெய்தோம்.

மாயாறும் மலையேற்றமும்

தமிழக எல்லையில் கக்கநல்லா சாவடி. நீலகிரிக்குள் வரும் வெளி மாவட்ட வாகனங்களுக்கு, சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி, 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். கைப்பேசியிலேயே முன்கூட்டிப் பெற்றுவிடலாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் குடிநீர்ப் புட்டிகளுக்கும் அனுமதியில்லை. எவர்சில்வர் புட்டி கொண்டுபோவது நல்லது.

தெப்பக்காட்டில் மாயாற்றின் கரையில் வளர்ப்பு யானைகள் முகாம் இருக்கிறது. 2023இல் ஆஸ்கர் விருது பெற்ற ‘தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படம் காட்டியது இம்முகாமைத்தான். கேழ்வரகுக் களி, கொள்ளு, வெல்லம் ஆகியவற்றை உருண்டை பிடித்து வாயில் ஊட்டும் காட்சியைப் பார்வையாளர்கள் குறித்த நேரத்தில் காணலாம். காலையில் கண்ட குட்டியின் நினைவு நீங்காத எங்களுக்கு, இங்கே சங்கிலியோடு நின்ற யானைகளைப் பார்க்கும்போது மனம் இரண்டாகப் பிரிந்தது. ஊருக்குள் புகுந்தவையும் தாயை இழந்தவையும் இங்கே வளர்கின்றன என்பதும் உண்மைதான்.

தெப்பக்காட்டிலிருந்து உதகைக்கு இரு வழிகள். கூடலூர் வழி நீளமானது, சரிவு மிதமானது. மசினகுடி, கல்லட்டி வழி குறுகியது, செங்குத்தானது, முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது. விபத்துகளுக்குப் பின் வெளியூர் வாகனங்கள் கல்லட்டியில் கீழிறங்குவதைக் காவல்துறை தடுக்கிறது, ஏறுவதற்கே விடுகிறார்கள். ஏறப்போகும் வாகனம் நாற்பது வயதை நெருங்குவது. இருப்பினும் அக்கா கல்லட்டியைத் தேர்ந்தார்.

மசினகுடியிலிருந்து தொடங்கும் சீகூர்ப் பீடபூமி, மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்கு மலைகளையும் இணைக்கும் யானை வழித்தடம். அதனை மறித்து எழுந்த விடுதிகளைப் பற்றிய வழக்கில் வழித்தடத்தை நிலைநிறுத்தி 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடைத்துக் கிடந்த சில விடுதிகளின் வாயில்களைக் கடந்துதான் மலையடிவாரம் சேர்ந்தோம்.

ஏற்றத்தில் பெரும்பாலும் முதல் கியர். எப்போதேனும் இரண்டாம் கியர். ஆறு வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி எஞ்சினை ஆறவிட்டோம். செங்குத்தான இரு இடங்களில் தம்பி இறங்கி நடந்தார். அவர் எடையை இங்கே குறிப்பிட வேண்டியதில்லை. முட்காடு மறைந்து, குளிர்ந்த காற்றும் தைல மரங்களும் வந்தன. முப்பத்தாறாவது வளைவில் அக்கா திரும்பிப் பார்த்தார். கீழே காலையில் கடந்த காடு முழுவதும் பழுப்பும் பச்சையுமாய்க் கிடந்தது. இருவரும் பேசவில்லை. சிறிது நேரத்திற்குப் பின் ரசபாளேயை எடுத்து நான்கு பழங்களைத் தின்றோம். காட்டின் எல்லைக்கு வெளியே அதுதான் முதல் வாய்ப்பு.

உதகையின் உயரம் ஏறத்தாழ 2,240 மீட்டர். மறுநாள் விடியலில் வண்டியின் இருக்கை மேல் உறைபனி வெள்ளைப் பொடியாகப் படிந்திருந்தது. உயரத்தில் காற்று மெலிவதால் கார்பரேட்டர் பெட்ரோலை அளவுக்கு மீறி ஊட்டும்; குளிரும் சேர்ந்தால் பழைய வண்டி எளிதில் கிளம்பாது. முப்பது உதைக்குமேல் எண்ணுவதை நிறுத்தினோம். தம்பி களைத்து உட்கார்ந்தார். "அப்பா என்ன செய்வார், தெரியுமா?" என்று கேட்ட அக்கா, பிளக்கைக் கழற்றி விடுதிச் சமையலறை அடுப்பில் காட்டிச் சூடாக்கி, துணியில் சுற்றிக் கொண்டுவந்து மாட்டினார். இரண்டாவது உதையில் வண்டி உயிர்பெற்றது. இந்த வித்தையைத் தந்தையார் அக்காவுக்கு மட்டும் எப்போது கற்றுக்கொடுத்தார் என்பது தம்பியின் இன்றைய மனக்குறை.

இறக்கம் எளிதென்று எண்ணியிருந்தோம். இரு வீச்சு எஞ்சினுக்கு அதுவே ஆபத்தானது. எண்ணெய் பெட்ரோலுடன் வருவதால், ஆக்சிலேட்டரை முழுதும் மூடி நெடுந்தொலைவு உருண்டால் எஞ்சினுக்கு எண்ணெய் கிடைக்காது, பிஸ்டன் இறுகிவிடும். ஆகவே இடையிடையே சற்றுத் திறந்துவிட வேண்டும்; பிரேக்கையும் ஓய்வு கொடுத்துக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். கோத்தகிரி வழியாக, தேயிலைச் சரிவுகளிடையே இறங்கினோம். நண்பகலில் மேட்டுப்பாளையத்தில் பவானியைக் கடந்தோம். நஞ்சன்கூட்டுக் கபினியும், தெப்பக்காட்டில் கண்ட மாயாறும், இந்தப் பவானியும் இறுதியில் காவிரிக்கே செல்கின்றன. மாயாறு பவானியோடு கலந்தும், மற்ற இரண்டும் நேராகவும்.

மாலை நான்கு மணிக்குக் கோவையில் அக்காவின் வீட்டு வாயிலில் எஞ்சினை அணைத்தோம். பெங்களூர் அன்பருக்குத் தம்பியே தொலைபேசியில் பேசி மன்னிப்புக் கேட்டார்.

மறுவாரம் தடையின்மைச் சான்றோடு கோவைப் பதிவு அலுவலகம் சென்றோம். தமிழ்நாட்டில் மறுபதிவு செய்யும்போது சாலை வரி கட்ட வேண்டும், எண்ணும் மாறும். அந்த இரண்டாவதை நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை. விண்ணப்பத்தில் வாகனத்துக்கு நியமனதாரரைக் குறிப்பிடும் இடத்தில் அக்கா தம்பியின் பெயரை எழுதினார். தந்தையாரின் கையால் வண்ணம் பூசிய பழைய எண் பலகையைக் கழற்றியபோது, யாரும் கேட்கும் முன்பே தம்பி அதை வாங்கித் தம் பைக்குள் வைத்துக்கொண்டார்.